பதினொரு பவுணும் மல்லாவிப் பெடியனும்

போன கிழமை முல்லைத்தீவு மல்லாவியிலிருந்து ஒரு தாய், உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்று என்னிடம் கேட்க மகனோடு வந்திருந்தார். சாதாரணதரப் பெறுபேறு நன்றாக வந்திருக்கிறது. கனடாவில் இருக்கிற மாமா, "கணிதப் பிரிவு எடு. கம்பஸ் கிடைக்காவிட்டால் கொழும்பில் காசு கட்டி எஞ்சினியரிங் படி, பாதி நான் தாறன்" என்கிறாராம். மற்றப் பாதிக்கு அம்மா கைப்பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பதினொரு பவுண்.

"இதை ஈடு வைக்கலாம்தானே சேர்?"

அதுவரை பேசாமல் இருந்த பெடியன் வாய் திறந்தான். "காசு வெறும் பேப்பர். இதுதான் உண்மையான காசு. இதைக் குடுத்துப் பேப்பர் வாங்கப்போறா."

பயப்படாதீங்கோ என்று தொடங்கிய நான் அதோடு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மா, நகையை உள்ளே வையுங்கள். 10 இலட்சம் எடுத்தால், வட்டி 15 வீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்தாலும், நாலு வருடத்தில் வட்டி மட்டும் 6 இலட்சம். பட்டம் கைக்கு வருமுன் நகை ஏலத்துக்குப் போய்விடும். மாமாவின் பாதிக்கும் வட்டி உண்டு, அதை மாதாமாதம் தொலைபேசியில் கட்ட வேண்டும். பௌதிகவியல் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைக்காக இந்தக் கடன் வேண்டாம்.

இவன் சொன்னது பொருளியல் விஷயம். பாதி சரி, பாதி பிழை. 1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் நாடுகள் கூடிப் பேசிய ஏற்பாட்டின்படி 35 டொலருக்கு ஓர் அவுன்ஸ் தங்கம். வெளிநாட்டு மத்திய வங்கிகள் டொலரைக் கொடுத்துத் தங்கம் கேட்கலாம். 1971 ஆகஸ்ட் 15 இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அந்தக் கதவைச் சாத்தினார். சரி, தங்கம் பின்னால் நின்றால் எல்லாம் சுகமா? தோண்டி எடுக்கிற தங்கத்தின் அளவுக்குத்தான் காசு என்றால், முடை வரும்போது கையைப் பிசையத்தான் முடியும். 1930களின் பொருளாதார மந்தத்தில், காசைத் தங்கத்தோடு கட்டுவதை முதலில் கைவிட்ட நாடுகள்தான் முதலில் எழும்பின. மறுபக்கம், எங்கள் அரசு கடனுக்கும் செலவுக்கும் காசு அச்சடித்ததன் பலனை 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று பார்த்தோம். அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2009 இல் போருக்குள் மோதிரம் கொடுத்து அரிசி வாங்கியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். தங்கத்தின் விலையை அரிசிதான் தீர்மானித்த நாட்கள் அவை.

ஆகவே வர்த்தகப் பிரிவு. பொருளியல், கணக்கீடு, மூன்றாவதாக வணிகப் புள்ளிவிபரவியல். கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் சொல்கிறேன். அதற்குப் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிக்கலாம், அல்லது 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகக் கற்கைகள். படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. விடுதி, சாப்பாடு, பஸ் செலவு மட்டும்தான்.

ஒருவரும் கவனிக்காத வேலை ஒன்று இருக்கிறது. அரசின் கடனை நடத்துவது. கிழமைதோறும் 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியல்கள், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள், ஏலத்துக்குப் போகின்றன. யார் என்ன வட்டி கேட்கிறார்கள், எது எப்போது முதிர்கிறது, டொலர் ஏறினால் தவணை எவ்வளவு கூடும் என்று உட்கார்ந்து கணக்குப் போட ஆட்கள் வேண்டும். 2024 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இதற்கென்றே பொதுப் படுகடன் முகாமைத்துவ அலுவலகம் நிதி அமைச்சில் வந்திருக்கிறது. மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலேயே ஒரு பிராந்திய அலுவலகம் உண்டு. நல்ல வகுப்புச் சித்தியும் ஆங்கிலமும் கேட்பார்கள். ரியூசன் காசை ஆங்கிலத்துக்கே போடுங்கள்.

மத்திய வங்கியின் ஆண்டுப் பொருளாதார மீளாய்வு தமிழிலும் வருகிறது. விடுமுறையில் அதில் அரசின் கடன் பற்றிய பகுதியை மட்டும் வாசித்துவிட்டு வரச் சொன்னேன். "சலிப்பாக இருந்தால் மாமா சொன்னதையே யோசிப்போம்" என்றேன். பெடியன் அதற்குள் போனில் தேடத் தொடங்கிவிட்டான்.

"கனடாவில இருக்கிற தம்பிக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார் தாய், பொட்டலத்தை முடிந்துகொண்டே.

நம்பரைத் தாருங்கள், நான் கதைக்கிறேன் என்றேன்.