ராடு முறிந்தது யார் தப்பு?

கேள்வி: ஆன்லைனில் 1,799 ரூபாய்க்கு ஒரு தூண்டில் செட் வாங்கினேன். ‘கார்பன் ராடு, 12 பேரிங் ரீல், 10 கிலோ மீன் தாங்கும்’ என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் கண்மாயில் ஒன்றரைக் கிலோ இருக்கும், விரால் ஒன்று மாட்டியது. கரைக்குத் தூக்கும்போது ராடு நுனிப் பக்கம் படாரென்று முறிந்தது; மீனும் போச்சு. விற்றவரோ, ‘ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது, உங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை’ என்கிறார். பணம் திரும்ப வருமா? அடுத்து எதை வாங்குவது?
— மேலூர் பக்கத்து வாசகர்

பதில்: ‘தூக்கும்போது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. நம் பக்கத்துக் கண்மாய்க் கரை உயரம். மேலே நின்றுகொண்டு கிணற்றில் வாளி இறைப்பதுபோல மீனை இழுத்தால் ராடு செங்குத்தாகிவிடும். பாரம் அடியில் இருக்கிற தடித்த பாகத்துக்கு இறங்காமல் ஒல்லியான நுனியிலேயே தங்கும். விலை கூடின ராடும் அந்த இடத்தில்தான் முறியும். மீனை அலைக்கழித்துக் களைக்க வைப்பதோடு ராடு வேலை முடிந்தது. அப்புறம் ஒருவர் சரிவில் இறங்கிக் கைவலையில் அள்ள வேண்டியதுதான். ஆக, விற்றவர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ள முடியாது.

ஆனால் ‘கார்பன்’ என்று சொன்னது அவர்தானே? முறிந்த முனையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக நார் பிரிந்து நின்றால் அது கண்ணாடி இழை. கார்பன் என்றால் உள்ளேயும் கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை தெரிந்தால் உடனே கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். இப்போது உங்கள் புகார் ‘ராடு உடைந்தது’ அல்ல, ‘சொன்ன பொருள் வரவில்லை’. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஏழு நாள் என்பது கடைக்காரர் போட்ட கணக்கு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு ஒத்துவராத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. அந்தத் தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. முதலில் அவருக்கு எழுதுங்கள். போனில் சண்டை போட்டால் கையில் ஆதாரம் நிற்காது. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1,799 ரூபாய்க்காக அத்தனை தடவை மதுரைக்கு பஸ் ஏற வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். எழுத்துப் புகாரிலேயே பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்து வாங்குவது. ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் ராடே வேண்டாம். மூங்கில் கம்பு, தங்கூஸ் (நைலான் நரம்பு), தக்கை, தூண்டில் முள், ஒரு சிரட்டை மண்புழு போதும். விரால், கட்லா, ரோகு என்றால்தான் ரீலுக்கு வேலை. கடைக்கே போய் வாங்குங்கள். மடக்கு ராடு என்றால் எல்லா அடுக்கையும் இழுத்து நீட்டி லேசாக உதறுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். ராடில் நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்து எடுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அதே கீறல் நாளைக்கு உங்கள் தங்கூஸை அறுக்கும். ரீல் வழுக்கிச் சுற்ற உள்ளே வைக்கிற பேரிங் எண்ணிக்கையை நம்பாதீர்கள். மட்டமான பன்னிரண்டைவிட நல்ல நான்கு மேல்.

ரீலில் நான் பார்ப்பது டிராக் ஒன்றைத்தான். மீன் வலுவாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற திருகு அது. அதை இறுக்கி முடுக்கிவிட்டுப் போவதுதான் புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. 10 பவுண்டு நரம்பு என்றால் சுமார் நாலரைக் கிலோ தாங்கும். நரம்பு நுனியைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவில் ரீல் ‘கிர்ர்’ என்று விட வேண்டும். வாங்கிய பிறகு பைக்கில் கட்டி வெயிலில் போடாதீர்கள். தங்கூஸ் வெயில் பட்டுப் பட்டு வலு இழக்கும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், இழுத்தால் அறும்.

கேள்வி: ஊர்க் கண்மாய்தானே, யாரிடமும் கேட்காமல் தூண்டில் போடலாமா?
— திருமங்கலம் வாசகி

பதில்: கேட்டுவிட்டுப் போடுங்கள். பல கண்மாய்களில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போய், குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். ‘ஒரு ஜிலேபிதானே அண்ணே’ என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அது போட்ட முதல். கரையில் காவலுக்கு இருப்பவரிடம் கேட்டாலே போதும், பலர் தூண்டிலுக்குச் சரி என்பார்கள், வலைக்குத்தான் விட மாட்டார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை) இறங்குகிற மீன்பிடித் திருவிழா வேறு கதை. அன்றைக்கு வெள்ளைத்துண்டு வீசியதும் நீங்களும் இறங்கலாம். ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், நூறு பேர் காலுக்கு நடுவே முள் வீசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

கேள்வி: உயிர் அயிரை வாங்கினால் தண்ணீரோடு நிறுக்கிறார்கள். வீட்டில் வந்து பார்த்தால் அரைக் கிலோவில் பாதிதான் மீன். என்ன செய்வது?
— மதுரை கிழக்கு வாசகி

பதில்: வடிதட்டில் ஒரு நிமிடம் வடியவிட்டு, பிறகு நிறுக்கச் சொல்லுங்கள். அயிரை அதற்குள் செத்துவிடாது. அதற்கு முன் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். முத்திரையைக் காட்டத் தயங்குகிறவரிடம் விலை குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கொஞ்சம் பால் ஊற்றி விடுங்கள், வயிற்று மண்ணைக் கக்கும். பாதி மண்ணோடு விற்றார் என்று அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். கண்மாய் அயிரை மண் தின்னாமல் எங்கே வளரும்?