கிணறு எந்த மாதம் உப்பானது?

கேள்வி: தொண்டிப் பக்கம் எங்கள் தோப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மூன்று தலைமுறையாகக் குடித்தோம். பக்கத்தில் இறால் பண்ணை வந்த பிறகு தண்ணீர் கரித்துப்போய் 4 வருடமாகிறது. பண்ணையை இப்போது மூடிவிட்டார்கள், குட்டைகளில் உப்பு பாளம் பாளமாகக் கிடக்கிறது. நியாயம் கேட்கப் போன அப்பாவைத் திட்டி அனுப்பினார்கள். தாலுகா ஆபீஸிலும் அலையவிட்டார்கள். இப்போது 2 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். தனியார் லேபில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: அப்பாவைத் திட்டியதும் அலைக்கழித்ததும் வலிக்கும்தான். ஆனால் வழக்குக்கு உதவாது. கிணறு எந்த மாதம் உப்பானது, அதற்கு முன் நல்ல தண்ணீராக இருந்ததற்கு என்ன ஆதாரம்? இதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேறு தண்ணீரே இல்லாத இடத்துக்கும் இந்தியத் தரநிலை லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரைதான் விடுகிறது. உங்கள் தண்ணீர் குடிக்க ஆகாது, சரி. யாரால் கெட்டது என்பதை அந்த லேப் தாள் சொல்லாது. 1996ல் ஜெகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளால் குடிநீர் கெடுவதை ஏற்று, கெடுத்தவர்தான் ஈடு தர வேண்டும் என்றது. ஆனாலும் எதிர்த்தரப்பு, "மோட்டார் போட்டு இறைத்தார்கள், கடல்நீர் ஏறிவிட்டது" என்றுதான் ஆரம்பிக்கும். நம் கரையில் அது எடுபடும் வாதம். உங்களைவிடக் கடலுக்குப் பக்கத்தில் உள்ள கிணறுகள் இன்னும் இனித்தால் அந்த வாதம் நிற்காது. அந்தக் கிணறுகளின் தண்ணீரையும் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பழைய சோதனைத் தாள் ஏதும் பஞ்சாயத்தில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் அதிகம் பயப்படுவது நாள் கணக்குக்கு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் பண்ணையின் மேல் உத்தரவு கேட்க, கிணறு உப்பானதிலிருந்து 6 மாதம்தான் கெடு, அது போய்விட்டது. இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீராக்கவும் 5 வருடம், அதற்கு மேல் 60 நாள்தான் நீட்டிப்பார்கள். முன்சீப் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், இந்த விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. "அடுத்த மாதம் பேசலாம்" என்ற பேச்சை நம்பியே வழக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சமரசத்துக்குப் போங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது. ஆனால் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியோடு வரும் 2 லட்சத்தைத் தொடாதீர்கள். உப்பு மண்ணை அள்ளி அகற்றுவது, காவிரி கூட்டுக் குடிநீர் இணைப்புச் செலவு, அதுவரை லாரித் தண்ணீர் எல்லாம் தேதி போட்டு எழுத்தில் வர வேண்டும். பண்ணை நிலத்தை அவர்கள் விற்றால் வாங்குபவரும் இதில் கையெழுத்துப் போட வேண்டும். 3 மாதத்தில் முடியவில்லை என்றால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.