பதினாறு வயது மகனை ஹொக்கிக்காக வேறு ஊருக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு இவ்வருடம் பதினாறு வயது. ஸ்காபரோவில் வளர்ந்தவன், சிறு வயதிலிருந்தே ஐஸ் ஹொக்கி ஆடி வருகிறான். ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் இளம் வீரர் தெரிவில் ஓர் அணி அவனை ஐந்தாம் சுற்றில் தெரிவு செய்துள்ளது. அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணம். அணியில் இடம் கிடைத்தால், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் படிக்க வேண்டும். “முதலில் பல்கலைக்கழகம், மற்றதெல்லாம் பிறகு” என்கிறார் கணவர். இந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் கதவு மூடிவிடும் என்று அரங்கில் பழகும் பெற்றோர் சொல்கிறார்கள். மகனோ, இதை விட்டால் என்.எச்.எல். எனும் பெரிய தொழில்முறை லீக்கில் ஆடும் கனவே முடிந்தது என்று முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

அரங்கில் நீங்கள் கேட்ட செய்தி பொய்யன்று, ஆனால் பழையது. ஒன்ராறியோ லீக்கும் அதன் மேற்கு, கியூபெக் சகோதர லீக்குகளும் வீரர்களுக்குச் சிறு படி கொடுப்பதாலும், என்.எச்.எல். அணிகளோடு ஒப்பந்தமான இளைஞர்கள் அவற்றில் ஆடுவதாலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அவற்றைத் தொழில்முறை லீக்குகளாகவே கருதி வந்தது. பதினாறு வயதில் ஓர் ஒன்ராறியோ அணிக்காக கணக்கில் சேராத இரண்டே இரண்டு முன்னோடி ஆட்டங்களில் ஆடியதால் கல்லூரித் தகுதியை இழந்த ஓர் இளைஞர் 2024-இல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்த அமைப்பு விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் இந்த லீக்குகளில் ஆடியவர்களும் முதல் பிரிவுக் கல்லூரி அணிகளில் சேரலாம். யூக்கோனின் வைட்ஹோர்ஸில் பிறந்த கேவின் மெக்கென்னா, மேற்கு லீக்கின் மெடிசின் ஹாட் அணியில் ஆடிப் புகழ்பெற்றபின் 2025-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குச் சென்றது இந்த மாற்றத்தால்தான். சில ஆண்டுகளுக்கு முன் அது நினைத்தும் பார்க்க முடியாத பாதை.

ஆகவே உங்கள் கணவரின் நிபந்தனையும் மகனின் ஆசையும் இப்போது ஒன்றோடொன்று மோதவில்லை. வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இத்துடன் தீரும் என்று நம்புகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் பதினாறு அடிப்படைப் பாடங்களை என்.சி.ஏ.ஏ. ஏற்கும் தரத்தில் முடித்திருக்க வேண்டும். பள்ளி மாறும்போதும், பருவத்தின் நடுவே பாடச்சுமையைக் குறைக்கும்போதும் இந்தக் கணக்கு தவறிப் போவது எளிது. புதிய ஊரின் பள்ளி வழிகாட்டல் ஆசிரியரைச் சேரும் முன்பே நேரில் கண்டு, பாடத் தெரிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் வேலையை உங்கள் கணவரிடமே ஒப்படையுங்கள்.

அடுத்து, ஐந்தாம் சுற்றுத் தெரிவு என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். இந்தத் தெரிவு பதினைந்து சுற்றுகள் நடக்கிறது. ஐந்தாம் சுற்று மதிப்பானதுதான். ஆனால் அது அணியில் இடம் அன்று. அந்த லீக்கில் உங்கள் மகன் மீதான உரிமை இன்ன அணிக்கு என்பதே அதன் பொருள். பயிற்சி முகாமில் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்களோடு போட்டியிட்டு அவன் இடம் பெற வேண்டும். முதலிரண்டு சுற்றுகளில் வந்தவர்கள் பதினாறு வயதிலேயே ஆடுவது வழக்கம். அவனைப் போன்றவர்கள் பலர் இன்னோர் ஆண்டு சொந்த ஊரில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலோ, அடுத்த நிலை ஜூனியர் லீக்கிலோ ஆடிவிட்டுப் போகிறார்கள். அணியின் உரிமை அதனால் அழிவதில்லை.

“இதை விட்டால் எல்லாம் முடிந்தது” என்று அவன் நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பதினாறிலிருந்து இருபது வயது வரை ஒரு ஹொக்கி வீரனுக்குத் தேவையானது பனித்தரையில் கழிக்கும் நேரம். பெரிய லீக்கின் சீருடையை அணிந்து ஓர் இரவுக்கு ஆறு நிமிடம் ஆடுபவனைவிட, அதற்குக் கீழான லீக்கில் இருபது நிமிடம் ஆடி, தண்டனையால் அணியில் ஆள் குறைந்த நேரத்திலும் கடைசி நிமிடத்திலும் பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெறுபவனே வளர்கிறான்.

இந்தியத் தந்தைக்கு மிசிசாகாவில் பிறந்த மன்னி மல்ஹோத்ராவின் தொடக்க ஆண்டுகளை உங்கள் மகன் அறிந்துகொள்வது நல்லது. ஒன்ராறியோ லீக்கின் குவெல்ஃப் அணியில் ஆடிய அவரை 1998-இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஏழாவது தெரிவாக எடுத்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. என்.எச்.எல். அணிகளுக்கும் ஜூனியர் லீக்குகளுக்கும் இடையே நெடுங்காலமாக இருந்த ஒப்பந்தப்படி, அந்த வயதினரை இடைப்பட்ட அமெரிக்கன் ஹொக்கி லீக்குக்கு அனுப்ப முடியாது. ஒன்று நியூயோர்க், இல்லையேல் மீண்டும் குவெல்ஃப். ரேஞ்சர்ஸ் அவரை நியூயோர்க்கிலேயே வைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்கள், 8 கோல்கள். பெரும்பாலான இரவுகளில் அவர் இருந்தது இருக்கையின் ஓரத்தில். அடுத்த பருவம் அங்குமிங்குமாகக் கழிந்தது: ரேஞ்சர்ஸில் 27 ஆட்டங்கள் ஆடியும் கோல் எதுவும் இல்லை, இடையில் குவெல்ஃப், பின்னர் ரேஞ்சர்ஸின் கிளை அணியான ஹார்ட்ஃபோர்டு. 2002-இல் டலஸுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து கொலம்பஸ் சென்ற பிறகே, எதிரணியைத் தடுப்பதிலும் ஆட்டம் தொடங்கும்போது நடுவர் போடும் பக்கை எதிரியிடமிருந்து வெல்வதிலும் வல்ல நடுக்கள வீரராக அவர் நிலைபெற்றார். மொத்தம் 991 ஆட்டங்கள் ஆடினார்; ஆகவே தோல்விக் கதை அன்று. ஆனால் ஏழாவது தெரிவான இளைஞரிடம் எல்லோரும் எதிர்பார்த்த கோல் திறன் அந்த இரண்டு பருவங்களின் அவசரத்தில்தான் கரைந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இதற்கு எதிர்த்திசையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரேயில் வளர்ந்த அர்ஷ்தீப் பெய்ன்ஸ் இருக்கிறார். என்.எச்.எல். தெரிவில் ஏழு சுற்றுகளில் 224 பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. எந்த ஆண்டிலும் அவர் பெயர் அவற்றில் வரவில்லை. றெட் டியர் அணியிலேயே நிலைத்து ஆடி, 2021-22 பருவத்தில் கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 112 புள்ளிகளுடன் மேற்கு லீக்கின் முதலிடத்தைப் பிடித்தார். அந்தப் பருவத்தில்தான் என்.எச்.எல். அணியான வன்கூவர் அவரோடு ஒப்பந்தம் செய்தது. அப்போதும் நேரே மேலே போகவில்லை. வன்கூவரின் கிளை அணியான அபோட்ஸ்ஃபோர்டில் ஆடிப் பழகி, 2024 பெப்ரவரியில்தான் முதல் என்.எச்.எல். ஆட்டத்தில் இறங்கினார். 2025-இல் அபோட்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் ஹொக்கி லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றபோது அணியில் பெய்ன்ஸ் இருந்தார். தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் மல்ஹோத்ரா.

லீக்கா, கல்லூரியா என்பதை அவன் உடலையும் பார்த்து முடிவு செய்யலாம். ஒன்ராறியோ லீக்கில் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டங்கள். வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம், இரவுப் பேருந்து, மறுநாள் காலை வகுப்பு. கல்லூரியில் ஆட்டங்கள் ஏறக்குறைய அதில் பாதிதான், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். மற்ற நாட்கள் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் கிடைக்கும். மெலிந்த, மெதுவாக வளரும் பையன்களுக்கு இரண்டாவது நல்லது. வேகமான ஆட்டத்தில் திரும்பத் திரும்ப முடிவெடுத்துப் பழக வேண்டியவர்களுக்கு முதலாவது. இப்போதைய விதியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் பெறலாம்.

இனி உங்கள் உண்மையான அச்சத்துக்கு வருகிறேன். ‘பில்லட்’ குடும்பங்கள் எனப்படும் இந்த விருந்தோம்பும் வீடுகள் அங்கு பல பத்தாண்டுகளாக உள்ள ஏற்பாடு. பல வீரர்கள் தங்கள் திருமணத்துக்கு அழைக்கும் அளவுக்கு அவற்றோடு உறவு கொள்கிறார்கள். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். புதிய வீரர்களை மூத்தவர்கள் இழிவுபடுத்தியதைச் சொல்லி, 2020-இல் முன்னாள் வீரர்கள் இந்த லீக்குகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். எனவே அந்த வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கு முன்பு தங்கிய வீரரின் பெற்றோரோடு பேசுங்கள். அணிக்குள் ஏதும் நேர்ந்தால், பயிற்சியாளரைத் தவிர்த்து மகன் யாரிடம் சொல்லலாம் என்று அணி மேலாளரைக் கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் அனுப்பாதீர்கள். சாப்பாடு இரண்டாம் கவலைதான், ஆனால் சோறும் கறியும் உறைய வைத்து அனுப்புவதை எந்தப் பில்லட் அம்மாவும் குறை சொல்லப் போவதில்லை.

ஒப்பந்தம் வந்தால், கல்விப் பொதியைப் பற்றிய பக்கத்தை விளையாட்டு ஒப்பந்தங்களில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டு பல்கலைக்கழகச் செலவு என்பது பொதுவான வடிவம். அதில் விடுதிச் செலவும் உண்டா, எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும், தொழில்முறை ஒப்பந்தம் செய்தால் என்னவாகும் என்ற மூன்றும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முகவர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர்களோடு செய்யும் உடன்படிக்கை கல்லூரித் தகுதியைத் தொடக்கூடும்.

என் கருத்து இது: பயிற்சி முகாமுக்கு அவனை அனுப்புங்கள், கணவரும் உடன் போகட்டும். முகாம் முடிந்ததும் மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பருவத்தில், மாறி மாறிக் களமிறங்கும் வரிசைகளில் அவன் எந்த வரிசையில், எத்தனை ஆட்டங்களில் இறங்குவான்? முதல் மூன்று வரிசைகளில் தொடர்ந்து இடம் உண்டு என்றால், பில்லட் வீடும் பள்ளியும் உங்களுக்குத் திருப்தி தரும் பட்சத்தில் அனுப்பலாம். “பார்ப்போம்” என்று பதில் வந்தால், இந்த ஆண்டு ஸ்காபரோவிலிருந்தே ஆடட்டும். அடுத்த முகாமுக்கும் அதே அணி அவனை அழைக்க முடியும். மகனிடம் இதை முகாமுக்குப் புறப்படும் முன்பே, கணவரும் நீங்களும் சேர்ந்திருந்து சொல்லிவிடுங்கள்.