நிலா, சூரியன், கோள்கள்: வானியல் கேமரா பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

கோள்களைப் படம் எடுக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. வந்த கேள்விகளில் பாதி "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அதற்கான பதில் கீழே அங்கங்கே கிடக்கும். நெபுலா, கேலக்சி பக்கம் நான் போவதில்லை, அவற்றை வேறு ஆளிடம் கேளுங்கள்.

அண்ணா, என்கிட்ட 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் இருக்கு. அதை விட்டுட்டு 2 மெகாபிக்சல் கேமராவை வாங்கச் சொல்றாங்க. விளையாடுறாங்களா?

இல்லை தம்பி, நிஜமாகத்தான் சொல்கிறார்கள். டெலஸ்கோப்பின் 2,900 மி.மீ. குவியத் தூரத்தில்கூட வியாழனின் பிம்பம் சென்சார் மேல் 0.6 மி.மீ. அளவுக்குத்தான் விழும். உங்கள் 24 மெகாபிக்சலில் மிச்சமெல்லாம் வெறும் இருட்டு.

நமக்கு வேண்டியது வேகம். தலைக்கு மேல் காற்று சும்மா இருப்பதில்லை. ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி கோள் நெளிந்துகொண்டே இருக்கும், நடுநடுவே ஒரு நொடிப்பொழுது தெளியும். விநாடிக்கு 100 ஃபிரேம் வீதம் 3 நிமிடம் பிடித்தால் 18,000 ஃபிரேம். அதில் தெளிந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இதற்கு 'லக்கி இமேஜிங்' என்று பெயர். இப்படி ஒரு நல்ல ஃபிரேம் சிக்க எவ்வளவு வாய்ப்பு என்று அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஃப்ரீட் 1978-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். டிஎஸ்எல்ஆர் வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் அமுக்கிச் சுருக்கிவிடும், நுணுக்கம் அங்கேயே போய்விடும். வானியல் கேமரா அப்படிச் சுருக்காமல் எஸ்இஆர் என்ற வகை வீடியோ ஃபைலாகக் கொடுக்கும்.

டிஎஸ்எல்ஆரை விற்றுவிடாதீர்கள். முழு நிலாவை ஒரே படத்தில் எடுக்க அதுதான் சௌகரியம்.

கூலிங் உள்ள மாடல் வாங்கணுமா சார்?

வேண்டாம். 10 மில்லி செகண்ட் எக்ஸ்போஷரில் சென்சார் சூட்டால் வரும் இரைச்சல் கணக்கிலேயே வராது. குளிர வேண்டியது டெலஸ்கோப் குழாய். படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை வெளியே வைத்துவிடுங்கள்.

என்னுடையது 200 மி.மீ. விட்டம், எஃப்/10 (குவியத் தூரம் விட்டத்தைப் போல் 10 மடங்கு). 3 எக்ஸ் பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்) போட்டால் வியாழன் பெரிதாக வருமா?

வரும், ஊதின பலூன் மாதிரி. நானும் முதல் வருடம் முழுக்க எஃப்/30-இல் எடுத்துவிட்டு, ஃபோகஸ் சரியில்லை என்று குழாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 5-ஆல் பெருக்குங்கள், வேண்டிய எஃப் எண் வந்துவிடும். 2 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ் 462 சென்சாரின் பிக்சல் 2.9 மைக்ரான், ஆகவே எஃப்/14.5 போதும். உங்களுக்கு 1.5 எக்ஸ் பார்லோ சரியாக இருக்கும். காற்று மோசமான இரவில் அதையும் கழற்றிவிட்டு வெறும் எஃப்/10-இல் எடுங்கள். சின்னதாக இருந்தாலும் கூர்மையாக இருக்கும்.

ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சனி நன்றாகத் தெரிகிறது. கேமராவை மாட்டினால் திரை ஒரே கறுப்பு. கேமரா போச்சா?

போகவில்லை. மேலே சொன்ன ஐஎம்எக்ஸ் 462 சென்சாரின் அகலம் 5.6 மி.மீ.தான், சனி அதற்கு வெளியே நிற்கிறது. ஃபைண்டரை (குழாய்மேல் இருக்கும், குறிபார்க்கும் குட்டி டெலஸ்கோப்) முதலில் பகலிலேயே தூரத்துக் கோபுர உச்சி எதையாவது வைத்துச் சரிசெய்யுங்கள் (சூரியன் இருக்கும் திசைப் பக்கமே போகாமல்). இரவில் பார்லோவை எடுத்துவிட்டு, அதிகப் பெருக்கம் தரும் ஐபீஸில் சனியை நட்டநடுவில் கொண்டுவந்து, பிறகு கேமராவை மாட்டுங்கள். சென்சாரை முழு அளவுக்குத் திறந்து, கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றி, எக்ஸ்போஷரை அரை செகண்டுக்குக் கொண்டுபோங்கள். ஃபோகஸ் விலகியிருந்தால் திரையில் ஒரு மங்கலான வளையமாவது வரும். அதைப் பிடித்து நடுவுக்கு இழுத்து, ஃபோகஸ் செய்து, கடைசியில் பிடிக்கும் பரப்பை 640×480-க்குக் குறைத்துப் பார்லோவைப் போடுங்கள்.

எக்ஸ்போஷர், கெயின் எவ்வளவு வைக்கிறீர்கள்?

வியாழனுக்கு 5 முதல் 10 மில்லி செகண்ட். ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 60 சதவீதத்தை ஒட்டி வரும்வரை கெயினை ஏற்றுவேன். ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்தால் மணல் தூவியது போல் இருக்கும், பயப்படாதீர்கள், ஆயிரக்கணக்கில் அடுக்கும்போது அது அடங்கிவிடும்.

நேரத்தில்தான் கவனம் தேவை. வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. வட்டு திரையில் 220 பிக்சல் அகலம் இருந்தால், 3 நிமிடத்தில் நடுவில் உள்ள புள்ளி 3 பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். அதற்கு மேல் பிடிக்க ஆசைப்பட்டால் வின்ஜூபோஸ் என்ற மென்பொருளில் சுழற்சியைத் திருத்தியாக வேண்டும். டிஸ்க்கில் இடமும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த 3 நிமிடமே ஐந்தரை ஜிபி.

சூரியனைக் கேமராதானே பார்க்குது, கண்ணு இல்லையே. ஃபில்டர் இல்லாம வேகமா எடுத்தா என்ன?

கேமரா வெந்துவிடும். டெலஸ்கோப்பின் உள்ளே உள்ள துணைக்கண்ணாடி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து போகும். தயவுசெய்து இதை முயற்சி செய்யாதீர்கள்.

ஃபில்டர், டெலஸ்கோப் குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் குட்டி சோலார் ஃபில்டர் ஏதாவது பெட்டியில் வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பம் முழுக்க அதன் மேல்தான் விழும், விரிசல் விட்டால் அடுத்த நொடி கண். ஃபில்டராகப் போடும் சோலார் ஃபிலிமில் இரண்டு வகை உண்டு. 5.0 அடர்த்தி ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை விடும், அது கண்ணுக்கும் ஆகும். 3.8 அடர்த்தி அதைப்போல் 16 மடங்கு விடும், அது கேமராவுக்கு மட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 3.8 வாங்கவே வேண்டாம் என்பேன். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் யாராவது ஐபீஸை மாட்டிவிட்டால்?

ஃபிலிம் சட்டத்தைக் காற்று தூக்காதபடி மூன்று பக்கம் டேப் ஒட்டுங்கள். ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மூட மறந்து, தோளில் சட்டை பொசுங்கும் வாசனை வந்துதான் கவனித்தேன்.

ஃபிலிமில் கரும்புள்ளிகள் தெரியும். சூரிய விளிம்பிலிருந்து எழும் தீக்கொழுந்துகள் வேண்டுமென்றால் 656.28 நானோமீட்டரில் வேலை செய்யும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா கருவி தேவை. அதற்குக் கட்டாயம் மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராதான், கலர் சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் அந்தச் சிவப்பைப் பார்க்கும். படத்தில் வரிவரியாக வளையங்கள் வந்தால் கேமரா பழுது என்று நினைக்காதீர்கள், அவை நியூட்டன் வளையங்கள். கேமராவைச் சற்றே சாய்க்கும் டில்ட் அடாப்டர் போட்டால் போய்விடும். தரை சூடாவதற்கு முன், காலையிலேயே எடுத்து முடியுங்கள்.

அப்போ கோள்களுக்கும் மோனோவா?

முதல் கேமரா கலரே இருக்கட்டும். கூடவே அகச்சிவப்பை வெட்டும் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் நிறம் கெட்டுவிடும்.

பௌர்ணமி நிலா ஏன் தட்டையாகவே வருகிறது?

நிழல் இல்லை, அதனால்தான். அரை நிலா நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி எடுங்கள், பள்ளங்களின் விளிம்பு எழுந்து நிற்கும். 2,000 மி.மீ. குவியத் தூரத்தில் நிலா 18 மி.மீ. அகலம் வரும், சென்சாரோ 5.6 மி.மீ. ஆகவே துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். துண்டுகள் கால்வாசியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஒரு மூலை விட்டுப்போனது தெரியும்போது நிலா மறைந்திருக்கும், அனுபவம்.

இவ்வளவு பாடுபட்டு எடுப்பதால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் ஆண்டனி வெஸ்லி வியாழனின் தென்துருவப் பக்கம் புதிதாக ஒரு கரிய தழும்பைப் பார்த்தார். ஏதோ ஒன்று மோதியிருந்தது. சில நாளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியே அந்தப் பக்கம் திரும்பியது. 2010 ஜூனில் அவரும் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோவும் மோதல் மின்னலையே வீடியோவில் பிடித்தார்கள். அது இரண்டே விநாடி.

18,000 ஃபிரேமில் இரண்டு விநாடி என்பது 200 ஃபிரேம். அடுக்கும்போது அது கரைந்து காணாமல் போகும். அதனால் மூல வீடியோவை அழிக்கும் முன் மோதல் மின்னலைத் தேடும் டீடெக்ட் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நான் ஓட்டியதில் இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. நேற்றையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.