சேல்ஸ் வேலைன்னா ஏம்மா இவ்ளோ பயம்?

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பி.காம் முடிச்ச என் பையன் சேல்ஸ் வேலைன்னு பேக்க மாட்டிக்கிட்டு கடை கடையா ஏறி எறங்கணுமா, சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்கிறீங்க, போதாததுக்கு "அவனுக்குப் பேசவே வராது சார்"னும் சொல்றீங்க. சொந்தக்காரங்கள விடுங்க, அவன் கலெக்டர் ஆனாலும் அவங்க ஏதாவது சொல்லுவாங்க. பேச வராதுங்கிறதுக்கு வரேன்.

நானும் காலேஜ் முடிச்ச புதுசுல வாட்டர் ஃபில்டர் வித்தவன்தான். ஒரு வீட்ல இருவது நிமிஷம் மூச்சு விடாம பேசுனேன், அந்தம்மாவும் பொறுமையா கேட்டுட்டு கடைசில "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது வாடகை வீடு, செவுத்துல ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டாரு"ன்னாங்க. சொந்த வீடாம்மான்னு வாசல்லயே கேட்டிருக்கணும், கேக்கல. உங்க பையன மாதிரி அமைதியான ஆளுங்க கடைக்குள்ள போனதும் பேச மாட்டாங்க, பாப்பாங்க. கடைக்காரர் "ஸ்டாக் இருக்கு, அடுத்த வாரம் வா"ம்பாரு, இவன் கடையில மேல தொங்குற ஷாம்பு சரத்த பாத்துட்டு "அண்ணே ஒன்னரை சரம்தான் இருக்கு, ஞாயித்துக்கெழம தாங்காதே"ன்னா போதும், ஆர்டர் வந்துரும்.

ஷாம்புன்னதும் ஞாபகம் வருது, கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல வெறும் 15,000 ரூபாயோட ஆரம்பிச்ச சிக் ஷாம்பு கிராமத்துக்குள்ள எப்படி போச்சு தெரியுமா, ஒரு பையன உக்கார வெச்சு எல்லார் முன்னாடியும் தல அலசிவிட்டு, முடிய தொட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க, அவ்ளோதான்.

சரி, சேல்ஸ் வேணாம், குரூப் 4-க்கு படிக்கட்டும்கிறீங்க. அதுக்கு இன்டர்வியூ இல்லதான், ஆனா வேலைக்கு போனப்புறம் தெனம் கோவமா வர்ற ஜனங்ககிட்ட பேசித்தான ஆகணும்? அட, அடுத்த வருஷம் பொண்ணுக்கு எஜுகேஷன் லோன் கேக்க நீங்களே பேங்குக்கு போகப்போறீங்க. அங்க போயி நம்ம கஷ்டத்த மட்டும் சொல்லி அழுதா மேனேஜர் என்ன பண்ணுவாரு, அவருக்கு இருக்கிற ஒரே பயம் பணம் திரும்பி வருமாங்கிறது, அதனால காலேஜ் சேர்க்கை லெட்டர், ஃபீஸ் விவரம், உங்க வருமானம், அந்த காலேஜ்ல போன வருஷம் எத்தன பேருக்கு வேல கெடச்சுதுன்னு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு டேபிள்ல வெச்சுட்டுப் பேசுங்க. 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேணாம்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு போங்க. இதுவும் சேல்ஸ்தாம்மா.

எல்லா சேல்ஸ் வேலையும் நல்ல வேலைன்னு நான் சொல்லமாட்டேன். ஃபிக்ஸட் சம்பளம் எவ்ளோ, இன்சென்டிவ் எவ்ளோ, பி.எஃப். உண்டா, பெட்ரோல் காசு தனியா தருவாங்களா, இத லெட்டர்ல எழுதித் தரச் சொல்லுங்க. சேர்றதுக்கு டெபாசிட் கட்டணும், நாலு பேர சேத்துவிடணும்னு சொன்னா அன்னிக்கே எழுந்து வந்துரட்டும். மத்தபடி ஒரு ஆறு மாசம் போகட்டும், சாயங்காலம் வந்தா எவ்ளோ வித்தன்னு கேக்காதீங்க, இன்னிக்கு எந்த கடைக்காரர் என்ன சொன்னாருன்னு கேளுங்க.