விம்பிள்டன் மகளிர் பிரிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விம்பிள்டனுக்கு முந்தைய மாதங்களில் பட்டங்களை வென்று வருபவரையே அடுத்த சாம்பியன் என்று கணிப்பது சரிதானே? (வாசகர், தருமபுரி)

பதில்: அப்படிக் கணித்தவர்கள் 2025-இல் ஏமாந்தார்கள். இகா ஸ்வியாடெக் 2024 பிரெஞ்சு ஓப்பனுக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக ஒரு பட்டம்கூட வெல்லாமல், மாட்ரிட் அரையிறுதியில் கோகோ காஃபிடம் 1-6, 1-6 என்று தோற்ற நினைவோடு, எட்டாம் தரநிலையில்தான் (போட்டிக்கு முன் முன்னணி வீராங்கனைகளுக்குத் தரப்படும் வரிசை எண், சீட்) லண்டனுக்கு வந்தார். இறுதியாட்டத்தில் அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்று கோப்பையைப் பெற்றார். விம்பிள்டனுக்குச் சற்று முன்பு பேட் ஹோம்பர்க்கில் அவர் புல்தரையில் தமது முதல் இறுதியாட்டத்தை எட்டியிருந்தார் என்பதையும், அங்கே ஜெசிகா பெகுலாவிடம் தோற்றதால் அதைப் பலரும் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டங்களின் எண்ணிக்கையைவிட, வரப்போகும் தரையில் பந்து ஒருவரது மட்டையில் எப்படிப் படுகிறது என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அதே ஆண்டு மேடிசன் கீஸ் அடிலெய்டில் வென்ற கையோடு ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றார். இரண்டும் ஒரே வகைத் தரை.

கேள்வி: தரவரிசையில் உச்சியில் இருப்பவர், கீழே உள்ள ஒருவரிடமே திரும்பத் திரும்பத் தோற்பது எப்படி? (வாசகி, அரூர்)

பதில்: யெலெனா ஓஸ்டபென்கோவை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட்டில் சந்தித்தது வரை ஆறு முறை மோதியும் ஸ்வியாடெக்கால் அவரை ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட், பந்துக்கு மிகுந்த டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) கொடுக்கும் நீண்ட வீச்சு. அதற்குச் சற்று நேரம் தேவை. ஓஸ்டபென்கோவோ எதிராளியின் இரண்டாவது சர்வை முன்னேறி வந்து, பந்து எழும்பும்போதே தட்டையாக அடித்து, அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறார். 2023 அமெரிக்க ஓப்பன் நான்காம் சுற்றில் நடப்புச் சாம்பியனாக இருந்த ஸ்வியாடெக் இவரிடம் தோற்று, முதலிடத்தையும் இழந்தார். ஆனால் அடுத்த சுற்றிலேயே காஃப், ஓஸ்டபென்கோவை 6-0, 6-2 என்று எளிதாக வீழ்த்தினார்! 'அ' என்பவர் 'ஆ'வையும், 'ஆ' என்பவர் 'இ'யையும் வென்றால், 'அ' 'இ'யையும் வெல்வார் என்னும் பள்ளிக் கணக்கு டென்னிஸில் செல்லாது. செரீனா வில்லியம்ஸ், மரியா ஷரபோவாவுடன் ஆடிய 22 ஆட்டங்களில் 20-ஐ வென்றதும் இந்த வகைதான். ஷரபோவாவின் வேகமான, தட்டையான பந்துகள் செரீனாவுக்கு மிகவும் பிடித்த பந்துகள். ஷரபோவாவின் இரு வெற்றிகளும் 2004-இல் கிடைத்தவை.

கேள்வி: அரினா சபலென்காவுக்கு விம்பிள்டன் ஏன் கைகூடவில்லை? (வாசகர், ஓசூர்)

பதில்: 2021, 2023, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் அரையிறுதியில் முறையே பிளிஸ்கோவா, ஜபேர், அனிசிமோவா ஆகியோரிடம் தோற்றார். மூன்று முறை அரையிறுதியை எட்டியவரைப் புல்தரை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டம் கைநழுவும்போது இன்னும் வேகமாக அடிக்க முற்படுவதே அவரது சிக்கல் என்பது என் கருத்து. காற்று வீசிய 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 70 தவறுகள் செய்து காஃபிடம் தோற்றதும் அதனால்தான்.

கேள்வி: டிரா (யார் யாருடன் மோதுவார் என்னும் அட்டவணை) வெளியானதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: 128 பேரில் 32 பேருக்கே தரநிலை உண்டு, அவர்கள் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஆகவே பெரிய பெயர்களின் காலிறுதி மோதல்களைக் கற்பனை செய்வதற்கு முன், முதல் இரு சுற்றுகளில் அவர்கள் பக்கத்தில் தரநிலை பெறாத யார் இருக்கிறார் என்று பாருங்கள். 2023-இல் 42-ஆம் இடத்திலிருந்து வந்த மார்கெட்டா வொண்ட்ரூசோவா கோப்பையையே கொண்டுபோனார். இடக்கையரான அவரது வெட்டுப் பந்துகள் புல்தரையில் தாழ்வாகவே வரும். தட்டையாக அடிப்பவர்களுக்கு அவை தொல்லை.

கேள்வி: ஆட்டங்கள் நமக்கு எத்தனை மணிக்கு? (வாசகர், பாலக்கோடு)

பதில்: வெளி அரங்குகளில் மாலை 3.30-க்கும், சென்டர் கோர்ட்டில் 6 மணிக்கும் தொடங்கும்.