காசு வாங்காமல் ஆடுவதுதான் உண்மையான விளையாட்டா?

"அந்தக் காலத்தில் காசு வாங்காமல் ஆடினார்கள், அதுதானே தூய்மையான விளையாட்டு?" என்று கேட்டிருக்கிறீர்கள். காசு வாங்காமல் ஆட யாருக்குக் கட்டுப்படியானது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டம், இங்கிலாந்தில் இரண்டாக உடைந்த கதையைச் சொல்கிறேன்.

வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த பிறகுதான் ஆட்டம். உள்ளூர் என்றால் சரி. வெளியூர் என்றால் காலையிலேயே ரயில் ஏறணும். அன்றைய கூலி போச்சு. ஆட்டத்தில் தோள்பட்டை நழுவிவிட்டால், கை குணமாகும்வரை வீட்டுக்கு வருமானமே கிடையாது.

அவர்கள் ஆடுவதற்குச் சம்பளம் கேட்கவில்லை. ஆடப்போனதால் இழந்த கூலியை மட்டும் கொடுங்கள் என்றார்கள். 'புரோக்கன் டைம்' என்று அதற்குப் பெயர். 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த ரக்பி சங்கக் கூட்டத்தில் யார்க்‌ஷயர்காரர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். 136 ஓட்டு ஆதரவு, 282 எதிர்ப்பு. சங்கம் இருந்தது வசதியான பள்ளிகளிலும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள் கையில். சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால் அவர்கள் வீட்டில் எதுவும் குறையாது.

படகுப் போட்டியில் உழைப்பாளிகளை ஒதுக்குவதை வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியின் 1879ஆம் ஆண்டு விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கோ கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாதவர், ஆகவே முடியாது. துடுப்புப் போட்டு ஒரு பைசா சம்பாதிக்காதவராக இருந்தாலும் அப்படித்தான். அமெச்சூர் என்பது பணத்தைப் பற்றிய சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த விதியைப் படித்த அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அப்புறம் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடி, தனியாக நார்தர்ன் யூனியனைத் தொடங்கின. இன்று ரக்பி லீக் என்று தனியாக ஆடப்படும் ஆட்டம் அதிலிருந்து வந்ததுதான். இழந்த கூலிக்கு ஈடாக நாளுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று முடிவானது. 1898இல் ஆட்டத்துக்கே சம்பளம் தர அனுமதித்தபோதும், ஆட்டக்காரர் வேறொரு நிஜ வேலையில் இருந்தாகணும் என்று நிபந்தனை போட்டார்கள். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, குளித்துவிட்டு மைதானத்துக்குப் போன மனிதர்கள் அவர்கள்.

பழைய சங்கமோ, நார்தர்ன் யூனியனில் காசே வாங்காமல் ஆடியவரைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. பழைய சங்கத்தின் வழியில் தொடர்ந்த ஆட்டத்துக்கு ரக்பி யூனியன் என்று பெயர். அதில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று ஒப்புக்கொண்டது 1995இல். அதுவும் ஆகஸ்ட் மாதம்தான், சரியாக 100 வருஷம் கழித்து.